கராத்தே, சிலம்பம், பாக்ஸிங், கபடி... நேருக்கு நேர் நின்றால் யார் ஜெயிப்பார்கள்?

இன்ஸ்டாகிராமில் ஒரு சிலம்ப வீடியோ ஓடினால் போதும், பத்தாவது கமென்ட்டுக்குள் ஒருவர் கேட்டுவிடுவார்: "ப்ரோ, ஒரு பாக்ஸர்கிட்ட இது செல்லுமா?" பாக்ஸிங் வீடியோவுக்குக் கீழே, "எங்க வர்மக்கலை ஆசான் முன்னாடி இவன் நிப்பானா?" என்று ஒரு சவால் வரும். கராத்தே வீடியோவுக்குக் கீழே, "எம்.எம்.ஏ ஆளு ரெண்டு நிமிஷத்துல படுக்கப் போட்டுடுவான்" என்று இன்னொரு குரல். அதற்குள் யாராவது போதிதர்மரை இழுப்பார். சண்டை களைகட்டிவிடும். அடி மட்டும் யாருக்கும் விழாது.

ஆனால், இந்தக் கேள்வி கமென்ட் பாக்ஸோடு நின்றுவிடுவதில்லை. ஒரே பள்ளியில் கராத்தே கிளாஸ் பசங்களும் சிலம்ப கிளாஸ் பசங்களும் இருந்தால், ஸ்கூல் விட்டதும் மைதானத்து ஓரத்தில் என்றாவது ஒருநாள் "வா, பார்த்துக்கலாம்" என்று ஆரம்பித்துவிடும். அப்போது அங்கே கவசம் இருக்காது, நடுவர் இருக்க மாட்டார். சுற்றிலும் போன் கேமராக்கள் மட்டும்தான் இருக்கும்.

அதனால், கேள்வியைக் கொஞ்சம் சீரியஸாகவே எடுத்துக்கொள்வோம். நூறு வருடங்களுக்கும் மேலாகப் பலர் பணத்தையும் பெயரையும் எலும்பையும் பணயம் வைத்து இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை, நம் கமென்ட் பாக்ஸில் வருகிற விடை அல்ல.

இரண்டரை மணி நேரம் தரையோடு ஒட்டிக்கிடந்தவர்

1910-ம் ஆண்டு. இந்தியாவிலிருந்து லண்டனுக்குப் போகிறார் ஒரு பயில்வான். பெயர் குலாம் முகமது. உலகம் அவரை 'காமா' என்று அழைத்தது. உயரம் குறைவு என்று அங்கு நடந்த போட்டியில் அவரைச் சேர்க்கவில்லை. கடுப்பான காமா, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பகிரங்க சவால் விட்டார். சவாலை ஏற்ற அமெரிக்க மல்லர் பெஞ்சமின் ரோலரைச் சில நிமிடங்களில் இரண்டு முறை வீழ்த்தினார்.

அடுத்து வந்தவர் போலந்து மல்லர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோ. காமாவைவிட அதிக எடை. செப்டம்பர் 10 அன்று நடந்த போட்டியில், நின்று மோதினால் காமா தூக்கி அடித்துவிடுவார் என்று புரிந்ததும் ஸ்பிஷ்கோ ஒரு வழி கண்டுபிடித்தார். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். முதுகு மண்ணில் பட்டால்தானே தோல்வி? முதுகைக் காட்டிக்கொண்டு தரையோடு ஒட்டிக்கிடந்தால் என்ன செய்ய முடியும்?

இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆட்டம் இப்படியே நகர்ந்தது. கடைசியில் டிரா. ஒரு வாரம் கழித்து மறுபோட்டி என்றார்கள். ஸ்பிஷ்கோ வரவே இல்லை. வெற்றிப் பட்டை காமாவுக்குப் போனது. 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதியபோது, காமாவுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

இந்தக் கதையை நாம் வழக்கமாக 'வெள்ளைக்காரனை ஜெயித்த இந்தியன்' என்று சொல்லி முடித்துவிடுவோம். அதற்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது. லண்டன் போட்டியில் ஸ்பிஷ்கோ காமாவைச் சமாளித்தது பலத்தால் அல்ல. விதியில் இருந்த ஓட்டையால்! 'சும்மா படுத்துக்கிடந்தால் புள்ளி போகும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அந்த இரண்டரை மணி நேரம் நடந்திருக்காது.

முகமது அலிக்கு விழுந்த உதைகள்

66 வருடங்கள் கழித்து இதே கதை டோக்கியோவில் திரும்ப நடந்தது. இந்த முறை ஒரு பக்கம் முகமது அலி. இன்னொரு பக்கம் ஜப்பானின் தொழில்முறை மல்யுத்த நட்சத்திரம் அன்டோனியோ இனோகி. 1976 ஜூன் 26, புடோக்கான் அரங்கம், 15 ரவுண்டுகள். உலகமே எதிர்பார்த்த போட்டி.

போட்டிக்கு முன்பே விதிகளில் பெரிய இழுபறி. இனோகி கழுத்தைப் பிடிக்கக் கூடாது, தூக்கி எறியக் கூடாது, உதைப்பதென்றால் ஒரு முழங்கால் தரையில் இருக்க வேண்டும் என்றெல்லாம் அலி தரப்பு கட்டுப்பாடுகள் போட்டதாகச் சொல்லப்படுகிறது. இனோகியும் யோசித்தார். மணி அடித்ததும் ஓடிவந்து மல்லாந்து படுத்துக்கொண்டு அலியின் காலில் உதைக்க ஆரம்பித்தார். கிட்டத்தட்ட 15 ரவுண்டும் அப்படியேதான் போனது. அலி வீசிய குத்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். முடிவு, டிரா. அலியின் கால் வீங்கி, ரத்தம் கட்டி, மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று.

அதே அலி 1980-ல் மெட்ராஸுக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆரும் பார்க்க வந்திருந்தார். அந்த ஆட்டத்தைப் பார்த்த தாத்தாக்கள், அலியின் கால்கள் எவ்வளவு லேசாக நகர்ந்தன என்று இன்றும் சொல்வார்கள். அந்தக் கால்களைத்தான் டோக்கியோவில் ஒருவர் படுத்துக்கொண்டே பதம் பார்த்தார். குத்துச்சண்டையில் இடுப்புக்குக் கீழே அடி வராது. அதனால் உலகின் மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கும், காலுக்கு வரும் உதையைத் தடுக்கும் பழக்கம் இல்லை. அலியின் குறை அல்ல அது. அவர் வளர்ந்த விதியின் குறை.

ஒவ்வொரு கலைக்கும் ஒரு ஓட்டை

இங்கிருந்து பார்த்தால் பல விஷயங்கள் புரியும். ஒரு சண்டைக் கலையை அதன் போட்டி விதிகள்தான் செதுக்குகின்றன. எதற்குப் புள்ளி கிடைக்குமோ, அதில் கை தேறும். எது தடையோ, அந்தப் பக்கம் கண்ணே போகாது.

டேக்வாண்டோவில் முகத்தில் குத்தக் கூடாது. தலைக்கு உதைத்தால் அதிகப் புள்ளி. அதனால் அந்த வீரர்களின் கால் மின்னலாக வரும், கைகள் மட்டும் தாழ்ந்தே இருக்கும். புள்ளி முறை கராத்தேவில் ஒரு சுத்தமான அடி விழுந்ததும் நடுவர் "யாமே" என்று நிறுத்திவிடுவார். அதனால் ஒரு அடி அடித்துவிட்டு நிற்பது பழக்கமாகிவிடும். ஜூடோவில் முதுகு பட எறிந்தால் ஆட்டமே முடிந்தது. அதனால் விழுகிறவர் எப்படியாவது குப்புற விழப் பார்ப்பார். அடி, குத்து அனுமதிக்கப்படும் இடத்தில் அப்படி முதுகைக் காட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் அந்தக் கலைகளைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. உள்ளே இருக்கிற வரை இந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. வேறு கலை ஆடுகிற ஒருவர் எதிரே வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

திருவாண்டார்கோயில் மைதானத்தில் ஒரு ஞாயிறு

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் வில்லியனூர், கண்டமங்கலம் தாண்டினால் திருவாண்டார்கோயில். சம்பந்தர் பாடிய வடுகூர் இதுதான். இந்தச் சாலையில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வரும். தமிழ்நாடு முடிந்து மறுபடி புதுச்சேரி வரும். எல்லை எங்கே என்று கடை போர்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எங்கள் பக்கத்தில் சண்டைக் கலைகளும் இப்படித்தான் கலந்துகிடக்கின்றன. கோயில் திருவிழா என்றால் சிலம்பம், பொங்கல் என்றால் கபடி, பள்ளி முடிந்ததும் கராத்தே.

நான் பள்ளியில் பிரவுன் பெல்ட் வரை போனவள். இந்தக் கட்டுரைக்காக ஒரு ஞாயிறு காலையில் மூன்று பேருடன் தலா இரண்டு நிமிடம் நின்றேன். சிலம்பம் ஆடும் ஒரு கல்லூரி மாணவி, தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்த பாக்ஸிங் அண்ணன், பெண்கள் கபடி அணியில் ஆடும் என் தோழி. ஒப்பந்தம் ரொம்பத் தெளிவாக இருந்தது: பாதி வேகம், தலையில் அடி கிடையாது, யார் "போதும்" என்றாலும் உடனே நிறுத்த வேண்டும்.

முதலில் சிலம்பம். கம்பு அவள் நெற்றி உயரம். சுழல ஆரம்பித்ததும் அவளைச் சுற்றி ஒரு வட்டம் உருவாகிவிட்டது. என் உதை அந்த வட்டத்தின் விளிம்பைக்கூடத் தொடவில்லை. கம்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, ஓரமாக நின்ற ஆசான் சொன்னார்: "கம்பைப் பார்க்காதம்மா, அவ காலைப் பாரு. கால் நகராம கம்பு வராது." சொன்னபடியே காலடியைக் கவனித்தேன். ஒரு வீச்சு கடந்துபோன இடைவெளியில் உள்ளே புகுந்தும் விட்டேன். ஆஹா என்று நினைப்பதற்குள், பிடியைச் சுருக்கி, கம்பின் மறுமுனையால் என் விலாவைத் தொட்டுவிட்டாள். சிலம்பத்தில் கிட்டத்துச் சண்டைக்கும் பதில் வைத்திருக்கிறார்கள். ரீல்ஸில் அழகாகச் சுற்றுவதை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது.

அடுத்து பாக்ஸிங். தூரத்தில் நின்றவரை எனக்குச் சாதகம். தொடைக்குப் போன உதையை அண்ணன் கவனிக்கவே இல்லை. ஆனால், அவர் ஒரு எட்டு உள்ளே வந்ததும் கதை மாறிவிட்டது. நான் ஒரு குத்து குத்திவிட்டுப் பழக்கதோஷத்தில் நிற்கிறேன். அதற்குள் வயிற்றில், விலாவில், தோளில் என மூன்று தட்டு. என் தலைக்குள் ஒரு நடுவர் "யாமே" சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர் தலைக்குள் அப்படி யாரும் இல்லை.

கடைசியாகக் கபடி. இது சுலபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கபடி சண்டைக் கலையே இல்லையே! முதல் உதை போனது. என் கணுக்கால் அவள் இரண்டு கைக்குள். அடுத்த நொடி நான் மணலில் உட்கார்ந்திருந்தேன். ரெய்டு வருபவரின் கணுக்காலைப் பிடிப்பதுதானே அவளுக்குத் தினசரி வேலை. ஆனால், விழுந்த பிறகு அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கபடியில் பிடித்து நிறுத்தினால் கதை முடிந்தது. ஜூடோவோ மல்யுத்தமோ தெரிந்தவருக்கு அங்கேதான் கதை ஆரம்பிக்கும்.

அன்று காலை எனக்குப் புரிந்தது இதுதான். சண்டைக்கு ஐந்து தூரங்கள் இருக்கின்றன. கம்பு எட்டும் தூரம், கால் எட்டும் தூரம், கை எட்டும் தூரம், கட்டிப்பிடிக்கும் தூரம், தரை. ஒவ்வொரு கலையும் இதில் ஒன்றிலோ இரண்டிலோ ராஜா. யார் ஜெயிப்பார் என்பது, யார் தன் தூரத்துக்கு எதிராளியை இழுத்து வருகிறார் என்பதைப் பொறுத்தது.

தோற்றதும் மாணவனாகப் போனவர்

புதுச்சேரிக்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு பிரெஞ்சுக் கதை. 1830-களில் பாரீஸில் 'சவாத்' என்ற உதைச் சண்டை பிரபலம். தெருச் சண்டையில் பிறந்த கலை. காலில் ஷூ போட்டுக்கொண்டு உதைப்பார்கள். கையை மூடிக் குத்தும் பழக்கம் அதில் பெரிதாக இல்லை. அதில் கெட்டிக்காரர் சார்ல்ஸ் லெகூர். அவர் ஓவன் ஸ்விஃப்ட் என்ற ஆங்கிலேயக் குத்துச்சண்டை வீரருடன் நட்புமுறையில் மோதிப் பார்த்தார். ஸ்விஃப்ட்டின் கைகளுக்கு முன்னால் லெகூரால் எதுவும் செய்ய முடியவில்லை.

லெகூர் என்ன செய்தார் தெரியுமா? ஆங்கிலக் குத்துச்சண்டையைக் கற்றுக்கொண்டார். அந்தக் கைகளையும் தன் கால்களையும் சேர்த்துப் புது முறையை உருவாக்கிப் பள்ளி ஆரம்பித்தார். 'பிரெஞ்சு பாக்ஸிங்' அப்படித்தான் பிறந்தது. பிரெஞ்சு ராணுவத்துக்காக 1852-ல் தொடங்கிய ஜோன்வீல் பயிற்சிப் பள்ளியில் இதுவும் பாடம், கம்புச் சண்டையும் பாடம். 1924 பாரீஸ் ஒலிம்பிக்கில் இரண்டும் காட்சி விளையாட்டுகளாக இடம்பெற்றன.

ஆமாம், பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஒரு கம்புக் கலை இருக்கிறது. 'கான்' என்பார்கள். நம் சிலம்பக் கம்பைவிட மிகவும் குட்டை, ஒற்றைக் கையால் பிடிப்பது. இன்றைய போட்டி விதிப்படி அதில் குத்தக் கூடாது, வீசித்தான் அடிக்க வேண்டும். சிலம்பத்தில் வீச்சும் உண்டு, குத்தும் உண்டு, வாரலும் உண்டு. புதுச்சேரியில் 'சொல்தா' குடும்பங்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், இன்றும் இருக்கின்றன. நம் சிலம்பமும் அவர்கள் கம்பும் ஒரே மேடையில் நட்பாக எதிரெதிரே நின்றால் எப்படி இருக்கும்? யாராவது ஏற்பாடு செய்தால் முதல் வரிசையில் உட்கார நான் தயார்.

தோற்கடித்தவரின் பெயரையே வைத்தார்கள்

ஜப்பானில் 1882-ல் ஜிகாரோ கானோ என்ற இளைஞர் ஜூடோவைத் தொடங்கினார். பழைய ஜூஜுட்சு முறைகள் இரண்டை நன்றாகக் கற்றவர். உயிருக்கு ஆபத்தான அடிகளைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டு, முழு பலத்தோடு எதிர்க்கிற ஆளிடமே தினமும் பழகலாம் என்ற முறையைக் கொண்டுவந்தார். 'கொல்லும் அடி' ஒன்று தெரிந்தும் அதை யாரிடமும் முழுதாக அடித்துப் பார்த்ததே இல்லை என்றால், அது வருமா வராதா என்று எப்படித் தெரியும்? சாதாரண எறிதல்தான் என்றாலும், எதிர்க்கிற ஆளிடம் ஆயிரம் தடவை செய்து பார்த்தவருக்கு அது வரும்.

அந்த ஜூடோ, மிட்சுயோ மயேடா என்பவர் மூலம் பிரேசிலுக்குப் போய், கிரேஸி குடும்பத்தின் கையில் தரைச் சண்டைக் கலையாக வளர்ந்தது. 1951-ல் ரியோவின் மரக்கானா ஸ்டேடியத்தில் ஜப்பானின் ஜூடோ ஜாம்பவான் மசாஹிகோ கிமுராவும் எலியோ கிரேஸியும் மோதினார்கள். கிமுரா, எலியோவின் கையை முறுக்கிப் பூட்டினார். கை போயும் எலியோ தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தரப்பினர் துண்டை எறிந்து போட்டியை நிறுத்தினார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். கிரேஸி குடும்பம் அந்தப் பூட்டைத் தங்கள் பாடத்தில் சேர்த்துக்கொண்டது. பெயர்? 'கிமுரா'. இன்று உலகம் முழுக்க எம்.எம்.ஏ ஜிம்களில் அந்தப் பூட்டுக்கு அதுதான் பெயர். தோற்ற வீட்டுக்காரர்கள் வைத்த பெயர்.

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் முதல் யூ.எஃப்.சி. குத்துச்சண்டை, கராத்தே, சுமோ, சவாத், கிக் பாக்ஸிங் என எட்டு வீரர்கள். ஜெயித்தவர் எலியோவின் மகன் ராய்ஸ் கிரேஸி. பார்க்க ஒல்லியாக இருந்த அவர் மூன்று பேரையும் தரைக்கு இழுத்துவந்தே முடித்தார். உலகமே தரைச் சண்டை கற்க ஓடியது. சில வருடங்களில் எல்லோரும் கற்றுக்கொண்டதும், அது மட்டும் தெரிந்தவர்கள் தோற்க ஆரம்பித்தார்கள். இன்று ஒரே கலையோடு அந்த மேடைக்கு யாரும் போவதில்லை. 2024-ல் யூ.எஃப்.சி-யில் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயரைப் பெற்ற பூஜா தோமர்கூட, வூஷூவில் தேசிய சாம்பியனாக இருந்து, மற்றதையும் கற்றுக்கொண்டு போனவர்தான்.

வடசென்னை ரோஷமும் போதிதர்மரும்

'சார்பட்டா பரம்பரை' படத்தில் டான்ஸிங் ரோஸைப் பார்த்து அசந்துபோனோமே, அதுவும் இந்தக் கதைதான். விளையாட்டு ஒன்றுதான், ஆனால் பாணி வேறு. இல்லாத இடத்தில் இருப்பதுபோல் காட்டும் அந்த ஆட்டத்துக்குக் கபிலன் தயாராக இல்லை. நிஜத்திலும் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வடசென்னையில் தனித்தனிப் பாணிகள் இருந்தன. வெள்ளைக்கார வீரர் டெர்ரியை வீழ்த்தி, பெரியாரிடம் 'திராவிட வீரன்' பட்டம் வாங்கியவர் என்று கித்தேரி முத்துவை அங்கே இன்றும் கொண்டாடுகிறார்கள். கவனியுங்கள், முத்து ஜெயித்தது ஆங்கிலேயர்களின் கலையிலேயே, அவர்களின் கையுறையை மாட்டிக்கொண்டு! வடசென்னைக்காரர்கள் அதை 'ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்றுதான் அழைத்தார்கள். வெளியிலிருந்து வந்த கலையில் நம் ரோஷத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

போதிதர்மர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ஏழாம் அறிவு' பார்த்துப் பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால், போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகளில் அவர் சண்டை சொல்லிக்கொடுத்ததாக இல்லை. அந்தத் தொடர்பு பல நூற்றாண்டுகள் கழித்து, 17-ம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து பரவியது என்பதே ஆய்வாளர்களின் கருத்து. இதனால் சிலம்பத்தின் மதிப்பு ஒரு துளிகூடக் குறையாது. உலகத்துக்கே தாய் என்ற பட்டம் அதற்குத் தேவையும் இல்லை. சனி, ஞாயிறு காலையில் வியர்வை சிந்திப் பழகுகிற பிள்ளைகள் இருந்தால் போதும்.

பெற்றோர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள்

வேறு கலை ஆடுகிறவரோடு பழகிப் பார்ப்பது நல்லது. ஆனால், அதை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் பிள்ளை கிளாஸ் போகிறார் என்றால், மாஸ்டரிடம் இவற்றைக் கேளுங்கள்.

• முதலில் விதி: எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது, எவ்வளவு வேகம் என்பதை இரண்டு பக்கமும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். "போதும்" என்றாலோ, இரண்டு முறை தட்டினாலோ உடனே விட வேண்டும்.

• ஜோடி சரியா?: எடை, வயது, எத்தனை வருடப் பயிற்சி என்று மூன்றும் பார்க்க வேண்டும். கலை எதுவானாலும், 15 கிலோ வித்தியாசம் பெரிய வித்தியாசம்தான்.

• தலை வேண்டாம்: பிள்ளைகளின் கலப்புப் பயிற்சியில் தலைக்கு அடியே இருக்கக் கூடாது. ஹெட்கார்டு போட்டிருக்கிறதே என்று நினைக்காதீர்கள். வெட்டுக் காயத்தை அது குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது.

• கவசம்: பற்களுக்கு மவுத் கார்டு, அடிவயிற்றுக்கு கார்டு, பயிற்சிக்கு ஏற்ற தடித்த கையுறை. கம்பு இருந்தால் முகத்தை மூடும் கம்பி வலை போட்ட ஹெல்மெட் கட்டாயம். கண்ணுக்கு மாற்று கிடையாது.

• தரை: எறிதல், வாரல் எல்லாம் மெத்தையிலோ நன்கு கொத்திவிட்ட மணலிலோதான். சிமென்ட் தரையிலும் சரளைக்கல் மைதானத்திலும் கூடவே கூடாது. சண்டையில் விழும் அடியைவிட, தரையில் தலை மோதுவதுதான் பல நேரம் உயிருக்கு ஆபத்து.

• கழுத்து, மூட்டு: கழுத்து நெரிக்கும் பிடிகளையும் மூட்டுப் பூட்டுகளையும் சிறுவர்கள் தாங்களே முயற்சி செய்யக் கூடாது. பெரியவர்களும் முறையான பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால்தான் செய்ய வேண்டும்.

• அடி பட்டால்: தலையில் அடி பட்ட பிறகு தலைவலி, வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம், பார்வை மங்கல், கேட்டதையே திரும்பக் கேட்பது... இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. உடனே டாக்டரிடம் போங்கள். "ஒண்ணும் இல்ல, தண்ணி குடிச்சிட்டு வா" என்று சொல்லும் மாஸ்டரிடம் பிள்ளையைத் திரும்ப அனுப்பாதீர்கள்.

• இரண்டு ஆசிரியர்களும் இருக்கட்டும்: சிலம்ப ஆசானும் கராத்தே மாஸ்டரும் பக்கத்தில் நின்றால் பிள்ளைகளுக்கு அது பாடம். யாரும் இல்லாமல், போனைச் சுற்றி நின்று நடந்தால் அது அடிதடி. அதற்கு வேறு பெயர் கிடையாது.

சரி, யார்தான் ஜெயிப்பார்?

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ, "எங்க கிளாஸ்காரங்க அந்த கிளாஸ்காரங்களை அடிச்சிடுவோம்" என்று சொன்னால், திட்டாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். என்ன விதியில்? எவ்வளவு தூரத்தில்? முடிந்த பிறகு அவர்களிடமிருந்து என்ன கற்றுக்கொண்டு வருவாய்?

முதல் இரண்டுக்குப் பதில் சொல்லத் தெரிந்தால், பிள்ளைக்கு அந்தக் கலை புரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மூன்றாவதற்கும் பதில் இருந்தால், தாராளமாக அனுப்பிவையுங்கள். மவுத் கார்டு வாங்கிக் கொடுக்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.